ரோஜா வண்டியின் மூச்சு

தாய்லாந்து மலையோரத்துப் பொப்பிராவில் டீசல் பிக்கப் வைத்திருக்கும் ஆண்பிள்ளைகள் சரூனின் பட்டறைக்குப் போவது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். சிக்னலில் கிளம்பும்போது பின்னால் நிற்பவன் முகம் கறுத்துப்போகிற அளவுக்குப் புகை வர வேண்டும். நான் போனது புகையே வேண்டாம் என்று கேட்பதற்கு. அது நவம்பர் கடைசி. பட்டறை வாசலில் நான் வண்டியை நிறுத்தியதும் அங்கே குந்தியிருந்த நாலைந்து பேர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

“என்னக்கா, வழி தவறி வந்துட்டீங்களா? தையல் மெஷின் ரிப்பேரு ரெண்டு கடை தள்ளி” என்றான் சரூன். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

“வாயை மூடு. மிதிச்சா வண்டி போகணும். அதுவும் இப்ப குடிக்கிறதைவிடக் குறைச்சலா டீசல் குடிச்சுட்டுப் போகணும். முடியுமா முடியாதா, அதைச் சொல்லு.”

“வேகத்தைக் கூட்டுன்னு வருவாங்க. சத்தத்தைக் கூட்டுன்னு வருவாங்க. டீசலைக் குறைன்னு இந்தப் பட்டறைக்கு வந்த மொத ஆளு நீங்கதான். வெளில தெரிஞ்சா என் பேரு கெட்டுடும்.”

தையல் மெஷின் என்று அவன் குத்தியது சும்மா இல்லை. மேசோட் துணி ஆலையில் பன்னிரண்டு வருஷம் பனியன் தைத்தவள் நான். கழிப்பறைக்குப் போகவும் மேற்பார்வைக்காரியிடம் சீட்டு வாங்க வேண்டிய வேலை. அதை உதறிவிட்டு, பழைய இரண்டரை லிட்டர் பிக்கப் ஒன்றை வாங்கி, பொப்பிரா ரோஜாத் தோட்டக்காரர்கள் சங்கத்தின் லோடு ஓட்டத்தைப் பிடித்தேன். வெட்டிய ரோஜாவைச் செய்தித்தாளில் சுற்றி, ஐஸ் போட்டு, மலை தாண்டி பாங்காக் பூச்சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். கேள்வி கேட்பதற்கு மேலே ஆள் கிடையாது. எனக்கு இதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் இல்லை.

ஆனால் வண்டிக்கு மலை ஆகவில்லை. மேசோட் நகரத்துக்கும் தாக் நகரத்துக்கும் நடுவில் இருக்கிற ஏற்றத்தில் மிதித்தால், ஏன் எதற்கு என்று யோசித்து, ஒரு பெருமூச்சு விட்டுத்தான் கிளம்பும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த முடியாது. அக்டோபரில் இரண்டு தடவை பிந்திப் போய்ச் சேர்ந்தேன். ரோஜா சந்தைக்குப் போவதற்குள் வாயைப் பிளந்துவிட்டது. சங்கத் தலைவர் கம்மூன் மாமா கூப்பிட்டு அனுப்பினார்.

“செங்தியன், உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா காதலர் தினத்து லோடும் இப்படி ஆச்சுன்னா உனக்கு ஓட்டம் கிடையாது. அப்புறம் மாமா மேல வருத்தப்படக் கூடாது.”

வருத்தப்படுவதாம்! ஓட்டம் போனால் மறுபடி பனியன், மறுபடி சீட்டு. மறுநாள் சரூனிடம் வந்து நின்றேன்.

அவன் வாயால்தான் கேலி செய்தான், கை ஒழுங்காக வேலை செய்தது. தொடுவதற்கு முன்னால் வண்டியின் முன்பக்கம் ஒரு சிவப்புச் சோடாவைத் திறந்து வைத்து, உறிஞ்சுகுழலும் போட்டு, கும்பிட்டான். எங்கள் பக்கம் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தாயார் குடியிருக்கிறாள். அவளைக் கேட்காமல் போல்ட்டைத் திருகினால் கோபித்துக்கொள்வாள். அந்த விஷயத்தில் ரேஸ் ஓட்டுகிற பயல்களும் விளையாட மாட்டார்கள்.

பிறகு இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகிற ரப்பர்க் குழாய் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. “ஊதுற காத்துல பாதி ரோட்டுக்குப் போகுதுக்கா. நீங்க இத்தனை நாளும் தாக் ரோட்டுக்கு விசிறி வீசியிருக்கீங்க” என்றான். இன்ஜினுக்குக் காற்று போகிற வழியெல்லாம் தார் மாதிரி கரி அடைத்திருந்தது, அதைக் கரண்டி வைத்துச் சுரண்டினான். காற்றைக் குளிர வைக்கிற பெட்டியைப் பெரிசாக மாற்றினான். லேப்டாப்பைச் செருகி, எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் என்கிற கணக்கைத் திருத்தினான். புகை வராத அளவுக்குத் திருத்துவதுதான் கஷ்டமாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் கேலி இல்லை.

“இன்ஜின் சூட்டுக் காத்தையே இழுத்துட்டு இருந்துது. வெளிக் காத்து இழுக்கிற மாதிரி புதுக் குழாய் வச்சிருக்கேன். வெளிநாட்டுச் சரக்கு. வாய் இங்க, கிரில்லுக்கு நேர் பின்னால இருக்கு பாருங்க. அப்புறம் முன்னால இந்த இரும்புக் கம்பித் தடுப்பு எதுக்கு? அறுபது கிலோ இருக்கும். யானை முட்ட வருதா?”

“பழைய ஓனர் போட்டது.”

“கழட்டிட்டேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் கொண்டாங்க, ஃபில்டரைப் பாக்கணும்.”

தலையை ஆட்டினேன். ஆட்டியதோடு சரி.

முதல் லோடை ஏற்றிக்கொண்டு மலை ஏறிய அன்று நடந்ததை எப்படிச் சொல்வது? மிதித்தேன், போனது. அவ்வளவுதான். காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த ஒரு சோம்பேறி எழுந்து போய்விட்டான். மூன்றாம் வளைவில் சிமெண்டு லாரியை முந்தினேன், ஐந்தாம் வளைவில் பஸ்ஸை முந்தினேன். மலையைக் காக்கிற பாவோ சாமி கோயிலைத் தாண்டும்போது எல்லா வண்டியும் மூன்று தரம் ஹாரன் அடிக்கும். நான் அன்று எத்தனை தரம் அடித்தேன் என்று எனக்கே தெரியாது. பாங்காக் போய்ச் சேரும்போது முள் எப்போதும் சிவப்பில் கிடக்கும், அன்று கால் டாங்க் மிச்சம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தைக் கூலிக்காரன் ஒருத்தன் எட்டிப் பார்த்து, வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தான்.

நன்றி சொல்ல வேண்டும் என்று மனசு பொங்கியது. யாருக்குச் சொன்னேன்? வண்டித்தாயாருக்குச் சொன்னேன். காம்பு ஒடிந்த ரோஜாவைத் தோட்டத்தில் சும்மாவே தருவார்கள், அதில் மல்லிகையும் சேர்த்து மாலை கட்டினேன். முன்பெல்லாம் மாலையை அந்த இரும்புக் கம்பியில் தொங்கவிடுவேன். கம்பி இப்போது இல்லை. அதனால் கிரில்லிலேயே இழுத்துக் கட்டினேன். அடுத்த லோடுக்கு இன்னும் தடிமனாக ஒன்று, அதற்கடுத்த லோடுக்கு இரண்டு. வண்டி நன்றாக ஓட ஓட மாலை பெருத்துக்கொண்டே போனது. சரூனுக்கு ஒரு போன் போட்டுச் சொன்னேனா என்றால், இல்லை. காசு வாங்கினான், வேலை செய்தான், அதற்கு மேல் என்ன என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி பாதியில் முள் மறுபடி சிவப்புக்கு வந்தது. ஏற்றத்தில் பழைய பெருமூச்சு கேட்டது. ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் கறுப்புப் புகை. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! புகை வேண்டாம் என்று அத்தனை தடவை சொல்லியும் அந்தப் பயல் தன் புத்தியைக் காட்டிவிட்டான் என்றுதான் நினைத்தேன். வண்டியை அவனிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை. தாயாருக்கு மாலையை இன்னும் பெரிசாகக் கட்டினேன். பிப்ரவரி மூன்றாம் தேதி நூடுல்ஸ் கடையில் சரூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடை நிறைய ஆட்கள்.

“இந்தா பாருங்க, காத்தை வித்துக் காசு பாக்குறவன் இங்கதான் உக்காந்து திங்கிறான்” என்றேன். “ஒரு மாசம் ஓடுற மாதிரி லேப்டாப்புல எதையோ தட்டிவிட்டுட்டு ஏமாத்திட்டான். இவன்கிட்ட வண்டியை விடுறவங்க யோசிச்சு விடுங்க.”

சரூன் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தான். “ஆயிரம் கிலோமீட்டர்ல கொண்டாரச் சொன்னேனேக்கா?”

“கொண்டாந்தா மறுபடி காசு பிடுங்கவா?”

அவன் காசை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது.

பிப்ரவரி பன்னிரண்டு. வருஷத்திலேயே பெரிய லோடு. நானூறு கட்டுச் சிவப்பு ரோஜா, மேலே பச்சை வலை, பின்னால் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினேன். மலையில் நான்காம் வளைவில் வண்டி திணறியது. ஐந்தில் நடக்க ஆரம்பித்தது. கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் உறுமலும் புகையும்தான், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. ஓரம் கட்டினேன்.

மற்ற டிரைவர்கள் மூன்று பேருக்குப் போன் போட்டேன். எல்லோரும் மலையைத் தாண்டிவிட்டார்கள், எல்லா வண்டியும் நிறைந்திருந்தது. கம்மூன் மாமாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “ஒரு மணி நேரம் பாக்குறேன். அப்புறம் தாக்குலேர்ந்து வேற லாரியை அனுப்பி லோடை மாத்திக்கிறேன்” என்றார். மாத்திக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். அவன் பேரை நான் ஊரில் நாறடித்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. எடுக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன்.

“சரூன் தம்பி...”

மறுபக்கம் ஸ்பானர் கீழே விழுகிற சத்தம். “எந்த வளைவு?” என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

ஐம்பதாவது நிமிஷம் ஏற்றத்தில் ஒரு கறுப்பு மேகம் தெரிந்தது. அதற்கு முன்னால் சரூனின் ரேஸ் பிக்கப் வந்தது. இறங்கினான், என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக வண்டியின் முகத்தைப் பார்த்தான். அன்றைய விசேஷத்துக்கென்று நான் கட்டிய மூன்று மாலைகள் கிரில்லை மூடித் தொங்கின. பாதி இதழ் உதிர்ந்திருந்தது. அவன் குனிந்து, மாலையை விலக்கி, உள்ளே விரலை விட்டான். வெளியே எடுத்தபோது விரலில் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்தது.

“ஐயோ” என்றான்.

பானெட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை எடுத்தான். எனக்கு மூக்கில் அடித்தது முதலில் வாசனை, அதற்குப் பிறகு நாற்றம். வெந்த ரோஜாவும் அழுகிய மல்லிகையும் பிசைந்து, அப்பம் தட்டி வைத்தது போல் ஃபில்டர் முழுக்க அப்பியிருந்தது. இரண்டு மாதத்து நன்றி மொத்தமும் அங்கே இருந்தது.

“அக்கா, இது ஃபில்டரா, சாமி ரூமா?”

அப்பியிருந்த இதழ்களை நகத்தால் சுரண்டினேன்.

“தாயாருக்கு நன்றி சொல்லுங்க, வேணாம்னு யாரு சொன்னா? அதுக்காக அவ மூக்குக்குள்ளயா திணிப்பாங்க? பாவம், ரெண்டு மாசமா தும்மக்கூட முடியாம மலை ஏறியிருக்கா.”

சிரித்தான். நான் அழுதேன். அழுதுகொண்டே, நூடுல்ஸ் கடையில் பேசியதற்கு என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அதுக்கு இப்ப நேரமில்ல. கடையில இந்த சைஸ் ஃபில்டர் ஸ்டாக் இல்ல. என் வண்டிக்கும் இதேதான். இருங்க.” தன் வண்டியிலிருந்து சுத்தமான ஃபில்டரைக் கழற்றி என் வண்டியில் போட்டான். என்னுடையதைப் பாறையில் தட்டித் தட்டி முடிந்த மட்டும் உதிர்த்து, தன் வண்டிக்கு வைத்துக்கொண்டான். ரோஜா மேல் போட்டிருந்த பச்சை வலையின் ஓரத்தில் ஒரு கை அகலம் வெட்டி, குழாய் வாயில் கம்பி சுற்றிக் கட்டினான். மாலைகளை அவிழ்த்துக் கும்பிட்டு, உள்ளே கண்ணாடிக்குக் கீழே வைத்தான்.

“என் தப்பும் இருக்குக்கா” என்றான், கம்பியை முறுக்கிக்கொண்டே. “இந்தக் குழாய் செய்யிற ஊர்ல எவனும் வண்டி மூஞ்சியில பூ கட்ட மாட்டான். வலை இல்லாமதான் அனுப்புவான். நான் இந்த ஊருக்காரன்தானே? கம்பியைக் கழட்டுறப்பவே, இனிமே அக்கா மாலையை எங்க கட்டுவாங்கன்னு யோசிச்சிருக்கணும்.”

பானெட் மேல் கிடந்த என் போன் அடித்தது. கம்மூன் மாமா. நான் எடுப்பதற்குள் சரூன் எடுத்தான்.

“மாமா, சரூன் பேசறேன். வண்டி சரியாயிடுச்சு. தப்பு என்னோடது, காத்துக் குழாய்க்கு வலை போடாம விட்டுட்டேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. லாரி வேணாம், இந்தா கிளம்பிட்டாங்க.”

பக்கத்தில் நின்று கேட்டேன். இல்லை மாமா, என் கோளாறுதான் என்று சொல்ல வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓட்டம் போய்விடும் என்கிற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வண்டியில் ஏறி, மிதித்தேன். போனது.

லோடு நேரத்துக்குச் சேர்ந்தது. ஒரு இதழ் பிரியவில்லை என்று சந்தைக்காரி சொன்னாள். போகும்போது ஐந்நூறு கிலோமீட்டர், வரும்போது ஐந்நூறு கிலோமீட்டர், சரூன் போனில் சொன்னதுதான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. பெற்ற தாய்கூட எனக்காக அப்படிப் பழி ஏற்றதில்லை.

பதினான்காம் தேதி காலையில் சங்கக் கொட்டகையில் எல்லோரும் ஒட்டரிசிச் சோறும் சுட்ட பன்றிக்கறியும் தின்றுகொண்டிருந்தார்கள். நல்ல விலை போன சந்தோஷம். ஒருவர் சொன்னார்: “செங்தியன் அன்னைக்குக் கடையில கத்தினப்போ நான் நம்பல. இப்ப அவனே ஒத்துக்கிட்டான். என் வண்டியை அடுத்த வாரம் விடுறதா இருந்தேன், வேணாம்னு சொல்லிட்டேன்.” இன்னொருவர், “நானும்தான்” என்றார்.

கையிலிருந்த சோற்று உருண்டையைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன்.

“சரூன் மேல தப்பில்ல” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “அவன் செஞ்ச வேலை தங்கம். மாலையை கிரில்லுல கட்டுனது நான். இதழ் உள்ள போயி அடைச்சுக்கிச்சு. ஆயிரம் கிலோமீட்டர்ல கொண்டாரச் சொன்னான், நான் போகல. தெரியாம அவனை ஏமாத்துக்காரன்னு சொன்னேன். மலையில எனக்காக அவன் பொய் சொன்னான், நான் வாயை மூடிட்டு நின்னேன்.”

கம்மூன் மாமா கையைத் துடைத்தார். “ஓட்டம் என்னாகும்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரிஞ்சுதான் மாமா. எடுக்குறதுன்னா எடுத்துக்கங்க.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரிப்பில் அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது.

“ரோஜா விக்கிற ஊர்ல, ரோஜா ஏத்துற வண்டி, ரோஜாவால நின்னு போச்சுன்னு வெளியூர்ல சொல்லிடாதம்மா. மானம் போயிடும். லோடு நேரத்துக்குப் போச்சு, இந்தப் பேச்சும் நேரத்துக்கு வந்துடுச்சு. ஓட்டம் உன்னோடதுதான். மொதல்ல அந்தப் பயலைப் போய்ப் பாரு.”

போனேன். வண்டியை வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். பட்டறையில் வழக்கம்போல நாலைந்து பேர் குந்தியிருக்க, சரூன் ஒரு பிக்கப்பின் அடியிலிருந்து தலையை நீட்டினான்.

“என்னக்கா, வலை பிஞ்சு போச்சா?”

அவன் எழுந்து நின்றதும் இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து, அவனைக் கும்பிட்டேன். எங்கள் ஊரில் சின்னவர்தான் பெரியவரை முதலில் கும்பிட வேண்டும். பெரியவர் முந்திக்கொண்டால் சின்னவருடைய ஆயுசு குறையும் என்பார்கள். எனக்கு அவனைவிடப் பதினோரு வயது அதிகம்.

“ஐயோ அக்கா! என்ன பண்றீங்க! என்னைச் சீக்கிரம் அனுப்பப் பாக்குறீங்களா?” அவன் பதறி, கிரீஸ் கையை நெற்றிக்கு மேல் கூப்பி, என்னைவிடக் கீழே குனிந்தான். நான் இன்னும் குனிந்தேன். அவன் முட்டி போட்டான். நானும் போட்டேன். குந்தியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“அக்கா, கீழ எண்ணெய், பாவாடை போயிடும்.”

“போகட்டும். ரொம்ப நன்றிடா தம்பி. டிசம்பர்லயே வந்து சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டதுக்கும் சேர்த்து, திட்டுனதுக்கும் சேர்த்து.”

“சரி, சரிக்கா. கையை இறக்குங்க மொதல்ல.”

“வாங்கிக்கிட்டேன்னு சொல்லு.”

சரூன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, புகை என்று சொல்லவும் அங்கே புகை இல்லை.

“வாங்கிக்கிட்டேன்க்கா” என்றான்.

அதற்குப் பிறகுதான் கையை இறக்கினேன்.